எழுதாத பெயருக்கு வந்த பதில்

சுபாஷிணி மூன்றாம் முறையாகத் தேடினாள்.

அந்தப் பெயரில் ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆனால் நிரல் அதை அழைக்கிறது. அழைத்தால் பதிலும் வருகிறது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுப்பதுபோல.

காலையில் திருநெல்வேலி மருத்துவமனை ஒன்றிலிருந்து பியூலா சிஸ்டர் கூப்பிட்டிருந்தார். பேச்சியம்மாள் என்ற நோயாளிக்குப் பென்சிலின் ஆகாது என்று அவரே கணினியில் பதிந்திருக்கிறார். ஊசி போடப்போகும் நேரத்தில் திரையில் வந்தது: 'ஒவ்வாமை: இல்லை.' அந்த அம்மாள் சிஸ்டரின் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள்.

அதனால் தப்பித்தாள்.

அந்த நிரலை எழுதிய சென்னை அலுவலகத்தில் சுபாஷிணி நாற்காலியை விட்டு எழுந்தாள். தண்ணீர்க் கேன் வரைக்கும் போனாள். குடிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நிரல் அழைக்கும் அந்த மெத்தட்டின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

ஓர் எழுத்து குறைந்தது. ஆறு வாரத்துக்கு முன் திரையை மாற்றியமைத்தபோது யாரோ விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நிரல் அங்கேயே நின்றிருக்க வேண்டும். இப்படியொரு மெத்தட் கிடையாது என்று சிவப்பில் கத்தியிருக்க வேண்டும்.

ஏன் கத்தவில்லை?

விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தன.

பிறகு நின்றன.

'நோயாளி' என்ற கிளாஸைத் திறந்தாள். ஒவ்வொரு நோயாளியின் பதிவும் அதிலிருந்துதான் பிறக்கிறது. கடைசியில் பன்னிரண்டு வரிகள். எழுதப்படாத எந்தப் பெயரில் அழைப்பு வந்தாலும் இங்கே வந்து விழும். அந்தப் பெயரில் ஏதாவது பதிந்திருந்தால் எடுத்துக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடும்.

நூறு மெத்தட்களைத் தனித்தனியாக எழுதும் வேலை மிச்சம். இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகமே வந்து எட்டிப்பார்த்தது. மேலாளர் கைகுலுக்கினார்.

அவள் எழுதியதுதான்.

'தெரியாது' என்று சொல்ல அதற்கு அவள் கற்றுக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வரிகளையும் அழித்தாள். ஓட்டிப் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

போனை எடுத்தாள்.

"ஸ்கிரீன் ஆறு வாரமா தப்பா காட்டுது, இனிமே நம்பாதீங்க சிஸ்டர். வாயால கேட்டுட்டு ஊசி போடுங்க."

"அத காலையிலயே ஆரம்பிச்சாச்சு மேடம்." பியூலா கேட்டார். "அப்ப, இந்த ஆறு வாரமா 'இல்லை'ன்னு வந்ததெல்லாம்?"

சுபாஷிணி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"இருங்க சிஸ்டர். வெச்சிடாதீங்க."

இதை ஒரு நோயாளியின் பதிவிடம் கேட்க முடியாது. அதற்குத் தன்னைப் பற்றி மட்டும்தான் தெரியும். எல்லோரையும் அறிந்த கிளாஸிடமே கேட்க வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிளாஸுக்கென்றே ஒரு மெத்தட் எழுதினாள். ஒவ்வாமை பதிவாகியும் திரையில் 'இல்லை' என்று காட்டப்பட்டவர்கள் யார் யார்?

நான்கே வரி. இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

பெயர்கள் வரத் தொடங்கின.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க மேடம். நான் பாக்கேன்."

"இசக்கிமுத்து."

"நேத்து வீட்டுக்குப் போயாச்சு. நல்லாத்தான் போனாரு."

"ஆயிஷா பீவி."

"அவங்களுக்கு ஊசியே போடல."

"ஜெபராணி."

மறுமுனையில் வார்டில் யாரோ இருமுவது கேட்டது. ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது.

"சிஸ்டர்? எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். எனக்குத் தெரியும். அவங்களுக்கு நாந்தான் ஊசி போட்டேன்."

சுபாஷிணியின் விரல் திரையில் அந்தப் பெயரின் மேலேயே நின்றது.

"அடுத்த பேரச் சொல்லுங்க மேடம்."