கசங்காத டப்பா

“இது வேணாம் அப்பு. பழசு குடு.”

ஆனந்தமேரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துத் தள்ளினார். புது டப்பாவில் ஒரு சினிமா நடிகை, கன்னத்தோடு கன்னம் வைத்துத் தன் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

விக்னேஷ்குமாருக்குச் சிரிப்பு வந்தது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவன் மருந்துக்கடை வைத்த நாளிலிருந்து, ஐப்பசி மழை பிடித்ததும் இந்த அம்மா வந்துவிடுவார். வாங்குவது ஒரே ஒரு செல்லமணி கிரைப் வாட்டர். அதற்கும் நாலைந்து டப்பாவை எடுத்து வைக்கச் சொல்லி, மூலை மடங்காமல் கசங்காமல் இருக்கிற ஒன்றைப் பொறுக்கித்தான் எடுப்பார். கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட இப்படிப் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. வீட்டில் கைக்குழந்தை ஏது? மழைக்காலத்து வயிற்று உப்புசத்துக்குத் தானே குடிக்கிறார் என்று அவனாக முடிவு கட்டியிருந்தான். வயதானவர்கள் பலர் அப்படிக் குடிக்கத்தான் செய்கிறார்கள்.

“மருந்து அதேதாம்மா. டப்பா மட்டுந்தான் மாத்திருக்காங்க. எம்புட்டுக் காலத்துக்கு அந்தக் கொழுகொழு பாப்பாவையே போட்டுக்கிட்டு இருப்பாங்க? இப்பல்லாம் நடிகை வந்து சொன்னாத்தான் யாவாரம். டிவியில பாக்கலையா? அந்தம்மா தன் பிள்ளைக்கே இதைத்தான் குடுக்குதாம்.”

“குடுக்கட்டும். அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும். எனக்குப் பழசுதான் வேணும்.”

“நடிகை மேல என்னம்மா கோவம்?”

“கோவமெல்லாம் இல்ல அப்பு. அவுகளை எனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்.”

“பழைய சரக்கை எல்லாம் கம்பெனிக்காரங்க போன மாசமே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா.”

ஆனந்தமேரியின் முகம் வாடிப்போனது.

“ஒண்ணுகூடவா இல்ல? செத்த உள்ள பாரேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்.”

“ஞாயித்துக்கெழமை வயிறு வலிக்கும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சா?”

அவர் சிரிக்கவில்லை. நனைந்த குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“நாகல்நகர்ல கேட்டேன். பேகம்பூர்ல கேட்டேன். நேத்து பஸ் ஏறிச் சிறுமலைக்கே போயிட்டு வந்தேன். மலைக்கடையில பழசு கெடக்கும்னு நெனச்சேன். அங்கயும் இந்தம்மாதான் சிரிக்கிறாக. மாத்தப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு வாங்கி வச்சிருப்பேன்.”

விக்னேஷ்குமாரின் கேலி அடங்கிவிட்டது. ஒரு கிரைப் வாட்டருக்காக இந்த மழையில் மலை ஏறுவார்களா?

“கூட யாராச்சும் வந்தாகளா?”

“எனக்கு யாரு அப்பு இருக்கா, கூட வாரதுக்கு?”

கடைக்கு லீவு என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். போகிற ஆளைப் பார்க்க அவனுக்கு என்னவோ போல் இருந்தது. அந்த வயிற்று வலிக் கேலியைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. மூடுவதற்கு முன் ஒருமுறை அடி அலமாரியை நகர்த்திப் பார்த்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு செல்லமணி விழுந்து கிடந்தது. பழைய டப்பா. தூசியைத் தட்டினால், கொழுகொழு பாப்பா பல் முளைக்காத வாயால் சிரித்தது. மூலைகூட மடங்கவில்லை. ஆனால் தேதி எப்போதோ முடிந்திருந்தது.

விற்கக் கூடாதுதான். இருந்தாலும் கண்ணில் காட்டிவிட்டாவது வருவோம் என்று வண்டியை எடுத்தான்.

ஆனந்தமேரியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரூபி எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்கு கல்லறைத் திருநாள்லண்ணே. தோட்டத்துக்குப் போயிருப்பாக.”

கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். வெள்ளையடித்த கல்லறைகளில் செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாக இருந்தது. ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்று, செத்துப்போனவர்களின் போட்டோவைத் துடைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரி கடைசியில், மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை.

“அம்மா, ஒண்ணு கெடச்சிருச்சு. காசெல்லாம் வேணாம். ஆனா தேதி முடிஞ்சுபோச்சு, குடிச்சுப்புடாதீங்க.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டப்பாவை மெதுவாகத் திறந்தார். பாட்டிலை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இது எனக்கு எதுக்கு? நீயே கொண்டு போ.”

அவன் பாட்டிலும் கையுமாக நின்றான். அவர், பூ நறுக்கக் கொண்டுவந்த கத்தரிக்கோலை எடுத்து, டப்பாவின் முன்பக்கத்தை ஓரம் பிசகாமல் வெட்டினார். பிறகு செவ்வந்திப் பூக்களை விலக்கினார்.

முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னச் சிலுவை ஒன்று தெரிந்தது. அதில் ‘இனிகோ, ஒன்றரை வயது’ என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே போன வருடத்து அட்டை, மழைத் தண்ணீர் இறங்கி வெளுத்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு, சிரிக்கிற பாப்பாவைச் செருகினார்.

“கொழுகொழு கொழந்தைப் போட்டியில ஜெயிச்சப்போ கம்பெனிக்காரன் எடுத்தது. போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு இவன் அப்பா அதுக்கப்பறம் எடுக்கவே விடல” என்றார் ஆனந்தமேரி. “எம் மகன் மூஞ்சியைப் பாக்க எனக்கு இந்த டப்பா ஒண்ணுதான் அப்பு.”