வெள்ளிதோறும் கெடும் இணையத்தளம்

"இனிமே ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் என்னைக் கூப்பிட வேணாங்க. இந்த சிஸ்டத்துல நீங்களே மாத்திக்கலாம்."

"அப்ப நீங்க வரவே மாட்டீங்களா?"

"வேலை இருக்காதுங்களே."

பசறையிலுள்ள விடுதிக்கு இணையத்தளம் செய்து கொடுத்த அன்று தனேஸ்வரன் தன்னிடம் சொன்னது, வரவேற்பு மேசையிலிருந்த சுபாஜினிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் வெள்ளிதோறும் தளம் கெட்டது. அறைகளின் படங்கள் தலைகீழாயின. முதலாளியின் பெயருக்கு மேல் சமையல்காரர் சிரித்தார். சனிதோறும் தனேஸ்வரன் பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, ஒரு மணி நேரம் தேநீர் குடித்தான்.

இன்று அவன் வந்ததும் அவள் சொன்னாள்: "நான்தான் கெடுக்கிறேனாம். இன்னொரு தடவ ஆனா வேலைய விட்டு நிறுத்திடுவேன்னு முதலாளி சொல்லிட்டாருங்க."

அவன் முகம் வெளிறியது. "ஐயோ, நீங்க இல்லீங்க!"

"தெரியும். யாரு, எப்ப, எதை மாத்தினாங்கன்னு உங்க சிஸ்டமே எழுதி வச்சிருக்கே."

திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஏழு வெள்ளிக்கிழமைகளுக்கும் நேரே அவன் பெயரே இருந்தது.

"இதை முதலாளிகிட்ட காட்டவா? இல்ல, ஏழு வாரமா கேக்க வந்ததைக் கேக்குறீங்களா?"

அவன் திரையை மெல்ல அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"உங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கட்டுங்களா?"