பங்களாப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

"இதுவும் வேணாம் மொதலாளி. பிரேக்கு சரியா புடிக்கல," என்றாள் துரை வீட்டு ஆயா.

சாஹுல் ஹமீதுக்குச் சிரிப்பு வந்தது. கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் பதினைந்து வருஷமாகச் சைக்கிள் விற்கிறார். பிரேக்கை அழுத்திப் பார்த்துச் சாமானைத் தள்ளுகிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறார். இது மூன்றாவது சைக்கிள். ஆனால் தேயிலை விலை விழுந்து வியாபாரம் படுத்துக் கிடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அது. வந்த கிராக்கியை விடவும் மனமில்லை.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரையுடைய கார் வாசலில் நின்றது. அதில் வந்தவர்கள் தோட்டத்துக் கிளாக்கர் முத்துலிங்கம், ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கூடவே இந்த ஆயா. பிள்ளைக்குப் பூனைக்கண், பழுப்புத் தலைமயிர். புதுச் சப்பாத்து கடித்ததோ என்னவோ, கடைக்குள் வந்ததுமே அதைக் கழற்றி எறிந்துவிட்டது.

"பேபிக்குத் திறமான சைக்கிளாக் குடுங்கோ நானா. விலையைப் பாக்க வேண்டாமெண்டு துரை சொல்லிப்போட்டார்," என்ற கிளாக்கர் சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். "கொழும்பு ரயிலைப் பிடிக்கோணும். கெதியாப் பாருங்கோ."

சாஹுல் ஹமீது உள்ளே போய்ச் சிவப்புச் சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தார். பெட்டி பிரித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. "சீமைச் சாமான். இத விட நல்லது கண்டியில எங்க தேடினாலும் இல்ல."

ஆயா குந்தி உட்கார்ந்தாள். சங்கிலியைத் தடவினாள், சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. மலையில் கொழுந்தெடுத்தவளைப் பங்களாவுக்கு எடுத்திருக்கிறார்கள், அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"கெட்டியா இருக்குமா மொதலாளி? விழுந்தா தூக்கிவிட ஆளில்லாத எடத்துக்குப் போகுது."

"எங்க போகுது புள்ள?"

"கொழும்பில விடுதிப் பள்ளிக்கூடம்," என்று கிளாக்கர் முந்திக்கொண்டார். "துரைக்கு வாற மாசம் கலியாணம். பொம்பிளை சீமையில கப்பல் ஏறிட்டா."

"அப்ப, இந்தப் புள்ளட உம்மா?"

"தாய் இல்லை."

சாஹுல் ஹமீது உச்சுக்கொட்டினார். அவரும் மூன்று பிள்ளைகளின் தகப்பன். மாற்றாந்தாய் வந்து இறங்குமுன்பே பிள்ளையை வீட்டைவிட்டுக் கிளப்புகிறான். கையில் ஒரு சைக்கிளையும் கொடுத்து அனுப்புகிறான். என்ன மனுஷனோ!

பிள்ளைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பின்னால் பிடித்திருந்த சாஹுல் ஹமீதை அதட்டியது. "விடுங்க, விடுங்க! நானே ஓட்டுறேன்!" சுத்தமான தோட்டத்துத் தமிழ். பங்களாப் பிள்ளைகள் ஆயாவின் பேச்சைத்தான் முதலில் படிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கையை எடுத்தார். சைக்கிள் தள்ளாடித் தள்ளாடி நாலு முழம் தானாகவே ஓடியது.

"ஆயா, இங்க பாரு!" என்று கத்திய பிள்ளை, ஏதோ புதுவிளையாட்டுப் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கிளாக்கர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத எத்தன வருசத்துக்கு ஓட்டலாம் மொதலாளி?"

அவர் சீட்டுக்குக் கீழே இருந்த திருகாணியைத் தளர்த்தி, உயர்த்திக் காட்டினார். "புள்ள வளர வளர இத ஒசத்திக்கிட்டே போகலாம். பன்னண்டு வயசு வரைக்கும் கவலையில்ல."

ஆயா கையைத் தூக்கினாள். தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே, அந்தரத்தில் ஓரிடத்தில் அதை நிறுத்தி, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இந்த ஒசரம் வந்திரும்," என்றாள், யாரிடமும் சொல்லாத குரலில்.

"நேரம் போயிட்டுது," என்றார் கிளாக்கர்.

டிரைவர் சைக்கிளைத் தூக்கிக் காரின் பின்புறம் வைத்துக் கயிற்றால் இறுக்கினான். ஆயா தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் காலை மடியில் வைத்துச் சப்பாத்தை மாட்டினாள். நாடாவைக் கட்டினாள். அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். மூன்றாம் தடவை அவிழ்க்கப் போனபோது கிளாக்கர் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்தார். பிள்ளை முட்டிக்கால் போட்டுப் பின்கண்ணாடி வழியே சைக்கிளை எட்டிப் பார்த்தது.

கார் உறுமியது. ஆயா கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கழுத்துவரை இறங்கியிருந்தது, அவள் துடைக்கவில்லை.

சாஹுல் ஹமீதுக்கு மனம் பொறுக்கவில்லை. "அழாத ஆயா. சின்னப் புள்ளதானே, ரெண்டு நாளையில ஒன்ன மறந்திரும். நாளைக்கே புது துரைசானிக்கி ஒரு புள்ள பொறந்தா, அதயும் நீதானே வளக்கப் போற?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கார் நகர்ந்தது. சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்த்தது. சட்டென்று தலையை வெளியே நீட்டி அலறியது.

"அம்மா! நீ இன்னும் ஏறலியே!"