மூன்றாம் வருடத்துக் கொக்கி

"எங்க வீட்டுக்காரர் இந்தத் துப்பாக்கியைத் துடைக்கும்போது கைதவறிக் கீழ விழுந்து வெடிச்சிடுச்சு. அந்த இடத்துலயே போயிட்டார்" என்றாள் அவள்.

துப்பாக்கி ரிப்பேர்காரர் அந்தப் பழைய போட்டித் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"விழுந்தா வெடிக்கிறது முதல் ரெண்டு வருஷத்து மாடல்மா. மூணாவது வருஷத்துலேருந்து உள்ள ஒரு கொக்கி வெச்சாங்க. இதுல அது இருக்கு. மாடியிலேருந்து போட்டாலும் வெடிக்காது. யாரோ விசையை அழுத்தியிருக்கணும்."

"போலீஸ் அப்படிச் சொல்லலையே."

"வெளிய பார்த்தா ரெண்டு மாடலும் ஒண்ணுதான். கொக்கி விஷயம் இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்." பெருமையோடு பாகங்களை மறுபடி பூட்டிக் கொடுத்தார்.

அவள் எழுந்துபோய்க் கடைக்கதவைத் தாழிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, பழகிய கையால் உள்ளே போட்டாள்.

"நீங்களும் தினம் துப்பாக்கி துடைக்கிறவர்தானே?"