கடைசி வரி

லேசர் சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் கான்டாக்ட் லென்ஸ் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பழைய சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் தாம்பரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள் ஷாயிஸ்தா. பரிசோதனை அறையில் இருந்த நர்ஸ் சுபத்ரா அதையும் கழற்றச் சொன்னாள்.

"தெரியற வரைக்கும் படிங்க மேடம்."

எதிரே வெள்ளையாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது. ஆனாலும் ஷாயிஸ்தாவின் வாய் தானாக, "ட, ப, ர, ம, ய" என்றது.

"ஸாரி சிஸ்டர். ஸ்கூல்ல கண் கேம்ப்ல கண்ணாடி போட்டுடுவாங்கன்னு பயந்து, வரிசையில நிக்கும்போதே கடைசி வரிய மனப்பாடம் பண்ணிட்டேன். இன்னும் மறக்கல."

சுபத்ரா சிரித்துவிட்டாள். "அது பழைய அட்டை மேடம். இது ஸ்கிரீன், ஒவ்வொரு தடவையும் எழுத்து மாறும்." வேடிக்கைக்காக அந்த ஐந்து எழுத்துகளையும் ஃபைல் ஓரத்தில் பச்சைப் பேனாவால் எழுதி, கீழே தேதியும் போட்டாள்.

வியாழக்கிழமை சிகிச்சை முடிந்தது. மறுநாள் காலை அதே நாற்காலி. சுபத்ரா ஸ்கிரீனைப் போட்டாள்.

"ட, ப, ர, ம, ய."

"மனப்பாடம் வேணாம் மேடம். பார்த்துப் படிங்க."

"பார்த்துத்தான் படிக்கிறேன் சிஸ்டர். எவ்ளோ தெளிவா இருக்கு!"

சுபத்ரா திரும்பிப் பார்த்தாள். ஸ்கிரீனில் அந்த ஐந்து எழுத்துகள்தான் இருந்தன.

"கீழ பச்சை இங்க்ல சின்னதா ஒரு தேதி இருக்கே, அதையும் படிக்கணுமா?"

ஃபைல் மூடியே இருந்தது. சுபத்ரா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கிரீனுக்கு மிக அருகில் போய் நின்றாள்.