இரண்டு பண்ணைகளின் மூன்றாம் ஷெட்

மார்ச் 4, செவ்வாய். பிழை தன்னுடையதுதான் என்று குணசீலன் நாட்குறிப்பில் எழுதுகிறான். ராசாத்தியம்மாவின் இரண்டு கோழிப் பண்ணைகளிலும் மூன்றாம் ஷெட் உண்டு; அவற்றின் கணக்குக்காக அவன் செய்த வலைத்தளத்தில் இரண்டுக்கும் வெறும் 3 என்றே அடையாளம் கொடுத்ததால் முட்டைக் கணக்கு ஒன்றாகக் கலந்துவிட்டது. மாலைக் கணினி வகுப்பின் டியூப்லைட் முனகுகிறது. எதிர் மேசையில் சக மாணவி தமிழினியின் திரையை ராசாத்தியம்மா தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். யாருடைய வலைத்தளம் அவருக்குப் பிடிக்கிறதோ அதுதான் பண்ணைக்குப் போகும். தமிழினி ஒவ்வொரு ஷெட்டுக்கும் பண்ணையின் பெயரோடு தனி வலைமுகவரி கொடுத்திருக்கிறாள். சேந்தமங்கலம் பண்ணையின் மூன்றாம் ஷெட்டைத் தொட்டால் அதன் கோழிகள், அங்கிருந்து தீவனம், அங்கிருந்து இன்றைய முட்டை என்று இணைப்புகள் வழிகாட்டுகின்றன. "அடுத்து எங்க போறதுன்னு இதுவே சொல்லிப்போடுதே, சாமி!" என்கிறார் ராசாத்தியம்மா. "தொட்டுட்டே போங்கம்மா, அதுவே கூட்டிட்டுப் போயிரும்," என்கிறாள் தமிழினி. ராசாத்தியம்மா இவன் பக்கம் திரும்புகிறார். "உன்றதுல ரெண்டு பண்ணைக் கோழியும் ஒண்ணா அடையுதே, குணசீலா!" எல்லாரும் சிரிக்க, அவனும் சிரிக்கிறான். திரையின் நீல வெளிச்சம் தமிழினியின் மூக்குத்தியில் மினுங்குகிறது. அவள் வேலையில் ஒரு குறையாவது இருக்காதா என்று அவன் கண்கள் வரிவரியாகத் தேடுகின்றன; இல்லை. "இதையே போட்டுரலாம் கண்ணு," என்று ராசாத்தியம்மா அவள் தோளைத் தட்டுகிறார். குணசீலனின் பேனா தாளில் அழுந்துகிறது.

நாளை: ஒவ்வொரு ஷெட்டுக்கும் முழு முகவரி கொடுக்க வேண்டும். எப்படி என்று தமிழினியிடம் கேட்க வேண்டும்.