துடைப்பத்தைக் கீழே வைத்த ஒமித்சு

ஜப்பானில், தகாயாமா ஊரில் மர விளக்கு செய்வது என் பிழைப்பு. குராமோச்சி விடுதிக்குச் செய்யும் விளக்குகளில், பனி மூடிய அவர்கள் வாசலையே மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சடித்து ஒட்டுவேன். படத்தில் ஒமித்சு அக்கா பெருக்கிக்கொண்டிருப்பார். நிஜத்திலும் அந்த வாசலைக் காலமெல்லாம் பெருக்கியவர் அவர்தான். வயதாகிவிட்டதென்று விடுதி முதலாளி குராமோச்சி போன பனிக்காலத்தில் அவரை வெளியே அனுப்பினார். அந்தக் குளிரிலேயே அக்கா இறந்துபோனார்.

இந்த வருடம் குராமோச்சி வந்து, "படத்துல அந்தக் கிழவி இருந்தா ஆர்டர் கிடையாது" என்றார்.

நான் பெரிய வீரன்; உடனே தலையாட்டினேன். அக்கா இருந்த இடத்தைக் கட்டையிலிருந்து தோண்டியெடுத்து, புது மரத்துண்டை அடைத்து இழைத்தேன். தாளில் வெறும் பனிதான் விழுந்தது. விளக்கை ஏற்றினேன். படத்தின் வாசல்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது.

"உயிரோட இருந்தப்ப ஒருநாளாச்சும் உக்காந்திருப்பாங்களா?" என்றாள் என் மனைவி கியோனோ. "எழுப்பிடாதீங்க. அப்புறம் உங்களுக்குச் சோறு கிடையாது."

குராமோச்சி பார்த்துவிட்டுக் கத்தினார். "யோவ், எடுக்கச் சொன்னேன்ல!"

"கட்டையில இல்லீங்க. எந்திரின்னு நீங்களே சொல்லிப் பாருங்க." என் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

ஆர்டர் போயிற்று. விளக்கை விடுதிக்கு எதிரே, எங்கள் வாசலிலேயே மாட்டினோம்.

இப்போது தெருவெல்லாம் செர்ரி பூத்துவிட்டது. குராமோச்சியின் வாசலில் மட்டும் பனி விழுவது நிற்கவில்லை; அவரே இன்னும் அதை வாரிக்கொண்டிருக்கிறார். மாலையில் விளக்கை ஏற்றினால், அக்கா காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.